பெலிசியானோவின் வயது

இந்தக் கதை எனக்கு நேரே தெரிந்ததல்ல. பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த செலஸ்டின் சொன்னது. அவளுக்கு அவளுடைய தாய்மாமன் சொன்னாராம். அவருக்கு யார் சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுடைய தாய்வழியில் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பட்டாளத்துக்காரர். நூற்றெழுபது வருடங்களுக்கு முன், திருகோணமலைக் கோட்டையில், ஹெஸ்கத் என்ற வெள்ளைக்காரக் கப்டனின் கீழ் சார்ஜனாக இருந்தவர். பட்டாளத்தைக் கப்பலில் ஹொங்கொங்குக்கு அனுப்ப இருந்த வாரத்தில், ஒரு காலை, அந்தக் கப்டன் முகம் வழித்துக்கொண்டிருந்தபோது மனம் மாறிப் பதிவேட்டில் ஓர் எண்ணைத் திருத்தினார், எங்கள் ஆள் தப்பினார், அதனால்தான் நான் இருக்கிறேன் என்று செலஸ்டின் சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிப் பதிவேட்டில் ஏறிய பெயர் என்னுடையது. என் பிறந்த தேதி, இடம்பெயர்ந்து இருந்த முகாமில், அம்மா 'மாரி முடிஞ்ச கையோட' என்று சொன்னதைக் கேட்டு ஓர் அலுவலர் எழுதியது. அதனால் எழுதுகிறவனின் கையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே வருவதில் செலஸ்டின் சொன்னது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நான் நினைத்துக்கொண்டது. அவர்கள் எந்த மொழியில் பேசினார்களோ தெரியாது. எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதியிருக்கிறேன்.

சவரக் கத்தி காதடியில் வந்து நின்றபோது ஹெஸ்கத் மூச்சை அடக்கிக்கொண்டான், இருபது வருடமாக இதே கதிர்காமன் இதே விறாந்தையில் இதே நாற்காலியில் வைத்து வழிக்கிறான், இருந்தும் கத்தி காதடிக்கு வரும்போது மூச்சு நின்றுவிடுகிறது, பழக்கம் பயத்தைப் போக்கும் என்று யார் சொன்னது, பழகிய பயம் வேறொரு பயம், அவ்வளவுதான். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. சவர்க்கார நுரையின் ஒரு துண்டு பறந்து போய்த் தூணில் ஒட்டியது. தூணுக்கு அப்பால் மதில், மதிலுக்கு அப்பால் துறைமுகம், துறைமுகத்தில் அந்தக் கப்பல், அதைப் பார்க்கக்கூடாது என்றுதான் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னான், ஆனால் திருப்பிப் போட்டதால் இப்போது மேசை தெரிகிறது, மேசையில் இரண்டு பதிவேடுகள், ஒன்று புதியது, மற்றது தோல் உரிந்த பழையது. எட்டு மணிக்குப் படகு வரும். கப்பலில் போகிறவர்களின் பெயர் எழுதிய புதிய பதிவேடு படகில் ஏறவேண்டும். சனிக்கிழமை கப்பல் கிளம்பும். இருபத்தொரு வருடச் சேவை முடித்தவர்கள் கப்பலில் ஏறவேண்டியதில்லை, ஓய்வு பெற்று இங்கேயே இருக்கலாம், மற்றவர்கள் எல்லோரும் ஏறவேண்டும், சட்டம் அப்படித்தான், அதில் குழப்பமே இல்லை, ஆனால் சேவை பதினெட்டு வயதிலிருந்துதான் கணக்கு, அதற்கு முன் துவக்குத் தூக்கிய வருடங்கள் வருடங்களே அல்ல, அதுவும் சட்டம். போன தடவை ஹொங்கொங்குக்குப் போன கம்பனியில் பாதிப்பேர் காய்ச்சலில் அங்கேயே புதைந்தார்கள், அது சட்டத்தில் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். "துரை, தாடையைத் தூக்குங்கோ," என்றான் கதிர்காமன். தூக்கினான். இப்போது கூரைதான் தெரிகிறது, ஓடுகளுக்கிடையில் ஒரு பல்லி, நல்லது, பல்லியைப் பார்ப்போம், பல்லிக்கு வயது எத்தனை. நேற்று அவன் ஏன் சிரித்தான்.

நேற்று மாலை சார்ஜன் பெலிசியானோ வந்தான். வாசலில் நின்று, குதிகால்களைச் சேர்த்து, உள்ளே வரலாமா என்று கேட்டு, வந்து, ஒன்றும் கெஞ்சவில்லை, கெஞ்சியிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும், சட்டத்தைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். "சேர், புத்தகத்தில என்ர வயசு எத்தனை எண்டு போட்டிருக்கு?" அவ்வளவுதான் கேட்டான். பழைய பதிவேட்டைத் திறந்து காட்டினேன், சேர்ந்த நாளில் வயது பதினைந்து. அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, எண் தெரியும். அந்த எண்ணை விரலால் தொட்டான், பிறகு சிரித்தான், பெரிய சிரிப்பு அல்ல, மூக்கால் ஒரு சிரிப்பு, ஒரு சின்னப் பிள்ளை தொப்பியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்தால் சிரிக்கிற சிரிப்பு. "சரி, சேர்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பதினைந்தில் சேர்ந்தவன், மூன்று வருடம் கழிய, பதினெட்டு வருடச் சேவை, மூன்று வருடம் போதாது, ஆகவே கப்பல். அவன் மனைவி மதலேனாள் இரண்டு நாளாகக் கோயிலில் இருக்கிறாளாம், மெழுகுதிரி வாங்கியே கையிலிருந்த காசை முடித்துவிட்டாள் என்று கதிர்காமன் நேற்றுக் காலை சொன்னான், கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு. நான் கேட்காமலே சொல்கிறான் இவன், இவனுக்குக் கத்தியைவிட நாக்குத்தான் கூர். ஏன் சிரித்தான். ஐந்தை எட்டாக்குவது எவ்வளவு சுலபம், ஒரு கோடு, கீழே ஒரு வளைவு, பேனாக்கத்தியால் மேல்கோட்டைச் சுரண்டிவிட்டால் போதும், பதிவேட்டு வேலை இருபது வருடம் செய்தவனுக்கு இதெல்லாம் கைவேலை. ஆனால் கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடிக்கமாட்டார்கள். கண்டுபிடித்தால் விசாரணை, பதவி போய்விடும், தங்கை கடிதத்தில் கேட்பாள், அண்ணா, எதற்காக, ஒரு கறுப்புச் சார்ஜனுக்காகவா. அவள் அப்படிக் கேட்கமாட்டாள். கேட்பாள். இன்னும் நாகரிகமான சொற்களில் கேட்பாள். விருந்து மேசையில் ஒரு மேஜர் சொன்னது போல, ஹெஸ்கத், வெயிலில் அதிகம் நிற்காதே, மாலையில் உன்னையும் அவர்களோடு சேர்த்து எண்ணிவிடுவார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்தேன் என்பதை நான் மறக்கவேண்டும்.

"துரை நேத்து நித்திரை கொள்ளேல்லைப் போல," என்றான் கதிர்காமன். "தோல் சொல்லுது. தோல் பொய் சொல்லாது." கத்தியைத் துணியில் துடைத்தான். ஹெஸ்கத் பேசாமல் இருந்தான். பேசினால் தாடை அசையும். பேசாமலிருக்க இது நல்ல சாட்டு, நாள் முழுவதும் யாராவது முகம் வழித்துக்கொண்டே இருந்தால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. உண்மையில் விசாரணை அல்ல பயம். சொல், உனக்கே சொல், இங்கே யாரும் கேட்கவில்லை. விசாரணை அல்ல. நான் அவனில்லாமல் ஹொங்கொங் போகப் பயப்படுகிறேன். அதுதான். எட்டு வருடத்துக்கு முன் ஒரு சிப்பாயைக் கட்டிவைத்து அடித்த மறுநாள், கம்பனி முழுவதும் மைதானத்தில் நின்றது, நட என்றேன், யாரும் நடக்கவில்லை, மறுபடி நட என்றேன், என் குரல் நடுவில் உடைந்தது, அறுபது முகங்கள், ஒன்றும் காட்டாத அறுபது முகங்கள், கடல் மட்டும் சத்தம் போட்டது, அப்போது பெலிசியானோ, என்னைப் பார்க்காமலே, அதே சொல்லை, மெதுவாக, ஒருவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற தொனியில் சொன்னான், அறுபது பேரும் நடந்தார்கள். என் வாயில் அது சொல். அவன் வாயில்தான் அது கட்டளை. இருபது வருடமாக நான் ஒரு கம்பனிக்குக் கட்டளையிட்டதாக எழுதியிருக்கிறது, நான் ஒருவனுக்குத்தான் கட்டளையிட்டேன், அவனும் கீழ்ப்படிந்தானா இரக்கப்பட்டானா என்று எனக்குத் தெரியாது. ஆகவே பதினைந்து எனக்கு வசதி. பதினைந்து என்று இருக்கும்வரை அவன் வருகிறான். சட்டம் அவனைக் கூட்டிவருகிறது, நான் அல்ல. எவ்வளவு சுத்தமான கைகள்.

"சார்ஜனையும் நான்தான் வழிக்கிறன், துரை," என்றான் கதிர்காமன், மற்றக் கன்னத்துக்கு வந்து. "சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. அந்தாளுக்கு வயசு காணாதெண்டு கப்பல்ல ஏத்தினமாம், மெய்யே?" ஹெஸ்கத் கண்ணை மூடினான். "இப்ப முப்பத்தாறு எண்டு புத்தகம் சொல்லுதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைப் பிடிச்சால் எனக்கு வயசு தெரியும், துரை, மாட்டுக்குப் பல்லைப் பாக்கிற மாதிரி. அந்தாளுக்குக் காதுக்குள்ள முடி, அதுவும் நரைச்சுப் போச்சு. துரைக்கு நாப்பது. துரைக்கு இன்னும் காதில முளைக்கவேயில்லை. அந்தாள் துரைக்கு மூப்பு, குறைஞ்சது ரெண்டு மூண்டு வயசு மூப்பு. முப்பத்தாறாம்! எழுதினவனுக்குக் கண் இல்லையோ?" ஹெஸ்கத் தலையை வெடுக்கென்று திருப்பினான். கத்தி தாடையில் இழுத்தது. "ஐயோ, ஆடாதேங்கோ எண்டு சொன்னனான்தானே!" என்று கத்தினான் கதிர்காமன். "கத்திக்குத் துரையும் ஒண்டுதான், நானும் ஒண்டுதான்." படிகாரக் கல்லை எடுத்து வெட்டில் அழுத்தினான், எரிந்தது, வெள்ளை நுரையில் சிவப்பு ஒரு கோடாக இறங்கியது, அவன் கண்ணாடியில் அதைப் பார்த்தான், தாடையின் கீழ், இடப்பக்கம், சிறிய வெட்டு.

இருபத்தொரு வருடத்துக்கு முன் பார்த்த ஒரு வெட்டின் அதே இடம். புளியமரம், கடற்கரை, பிடிபட்ட அடிமைக் கப்பலிலிருந்து இறக்கிய முப்பத்தொரு பேர், இனி நீங்கள் சுதந்திரமானவர்கள் என்று ஒருவர் வாசித்தார், வாசித்து முடித்ததும் இடப்பக்கமாகத் திரும்பிப் பட்டாளத்தில் சேரச் சொன்னார்கள், சுதந்திரம் அந்தப் புளியமரத்தின் நிழல் அளவுகூட நீளவில்லை. வைத்தியருக்குக் காய்ச்சல். என்னைவிட மூத்த அதிகாரி பதிவேட்டை என் கையில் போட்டார், பெயரைப் பாதிரியார் தருவார், உயரத்தைக் கோலால் அள, வயதைப் பார்த்து எழுது. எனக்குப் பத்தொன்பது வயது. வந்து இறங்கி மூன்று வாரம். அப்பா தந்த சவரக் கத்தி பெட்டியில் உறை பிரிக்காமல் கிடந்தது, வழிக்க எனக்கு ஒன்றும் இல்லை. முப்பத்தொரு பேரையும் பேனுக்குப் பயந்து தலையும் முகமும் மொட்டையடித்து நிறுத்தியிருந்தார்கள், எல்லா முகமும் ஒன்றுபோல, வயது தெரியவில்லை, ஆகவே உத்தேசமாக எழுதினேன். இதைத்தான் இருபத்தொரு வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முகம் மழித்திருந்தது, தெரியவில்லை. வரிசையில் ஒன்பதாவது ஆள். என்னைவிட உயரம். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள், இவன் என்னைப் பார்த்தான், கோபமாக அல்ல, பெரியவர்கள் ஒரு பிள்ளை பாரம் தூக்கித் தடுமாறுவதைப் பார்க்கிற மாதிரி, உதவலாமா என்று யோசிக்கிற மாதிரி. தாடையின் கீழ், இடப்பக்கம், கத்தி பட்ட வெட்டு, இரத்தம் காயவில்லை. மயிர் இல்லாத முகத்தில் கத்தியை யார் வைப்பார்கள். தாடி இருந்தது, வழித்தார்கள், அதனால் வெட்டு. எனக்குத் தெரிந்தது. அந்த நிமிடமே தெரிந்தது. இவன் ஆண்பிள்ளை, நான் பொடியன், நாளை காலை நான் இவனுக்கு நட என்று சொல்லவேண்டும். முந்தின எட்டுப் பேருக்கும் பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று எழுதியிருந்தேன், ஒருவருக்கும் பத்தொன்பது எழுதவில்லை, எழுத முடியவில்லை, வரிசையில் நான்தான் மூத்தவனாக இருக்கவேண்டும். இவனுக்குப் பேனாவை மையில் தோய்த்தேன். யாருக்கு அதிகம் பயந்தேனோ அவனுக்குக் குறைந்த எண். பதினைந்து. அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"காணும்," என்றான் ஹெஸ்கத். பாதி முகத்தில் நுரை இருந்தது. "துரை, மற்றப் பக்கம்—" "காணும், கதிர்காமன். சார்ஜனைக் கூப்பிடு." கதிர்காமன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், பிறகு போனான், விறாந்தைப் படியில் அவன் செருப்புச் சத்தம், முணுமுணுப்பு, அரை முகத்தோட துரைமார் ஆரும் ஆளைப் பாப்பினமோ. ஏழரை. படகு எட்டுக்கு. என்ன சொல்லப்போகிறேன், உட்கார் என்று சொல்லலாமா, சார்ஜனை உட்காரச் சொல்லக்கூடாது, நான் எழுந்து நிற்கலாம், எழுந்து நின்றால் அவன்தான் உயரம், எப்போதும் அவன்தான் உயரம். மன்னிப்புக் கேட்பதா, அது அவனுக்கு எதற்கு, மன்னிப்பைத் தூக்கிக்கொண்டு கப்பலில் ஏறுவானா. பேனாக்கத்தியை எடுத்தேன். வைத்தேன். எட்டாக்கினாலும் அதுவும் நான் எழுதுவதுதான், பதினெட்டும் பொய்தான், இருபத்தொரு வருடத்துக்குப் பிறகும் நான்தான் இவனுக்கு வயது கொடுக்கிறேன்.

பெலிசியானோ வந்தான். குதிகால்களைச் சேர்த்தான். கப்டனின் அரை முக நுரையைப் பார்த்தான், பார்க்காத மாதிரிச் சுவரைப் பார்த்தான்.

"இந்தப் புத்தகத்தில் பேர் எழுதின அண்டைக்கு," என்றான் ஹெஸ்கத், குரல் அதே இடத்தில் உடையப் பார்த்தது, "உனக்கு எத்தனை வயது?"

"இருபத்திரெண்டு, சேர்."

"எப்படித் தெரியும்?"

"மற்றவை எப்பிடித் தெரியுமோ அப்பிடித்தான். என்ர அம்மா எண்ணினவ. பிறகு நான் எண்ணினனான். கலியாணம் முடிச்சு மூண்டாம் வருசம். அங்க எனக்கொரு மகன் இருந்தவன், நடக்கத் தொடங்கியிருந்தான். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு."

பல்லி ஓட்டுக்குள் போய்விட்டது. ஹெஸ்கத் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை, சேர்." அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது, மூக்கால். "நாக்கை நீட்டச் சொன்னீங்கள். நீட்டினன். திரும்பி நிக்கச் சொன்னீங்கள். நிண்டன். வயசு ஒருத்தரும் கேக்கேல்லை. நான் நினைச்சன், இவைக்கு அது தேவையில்லைப் போல எண்டு. நேத்துத்தான் பாத்தன், பதினைஞ்சு! என்ர மனுசிக்குச் சொன்னன், அவளும் அழுகையை விட்டிட்டுச் சிரிச்சவள்."

ஹெஸ்கத் பேனாவை எடுத்தான். மை சொட்டுகிறதா என்று பார்த்தான். எழுதினால் என்ன ஆகும் என்று தெரியும், எண்ணைச் சுரண்டினால் ஒருவேளை யாரும் பார்க்கமாட்டார்கள், பழைய எண்ணை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதி அதன் கீழ் என் கையெழுத்தையும் வைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள், அன்று ஒருவனிடமும் கேட்காமல் எழுதினேன் என்று நானே எழுதிக்கொடுப்பதாகும். இவன் இங்கே நிற்பான், நான் கப்பலில் போவேன், அல்லது நானும் எங்கும் போகமாட்டேன், ஒரு விசாரணை மேசைக்கு முன்னால் நிற்பேன். மைதானத்தில் நட என்று சொன்னால் யார் நடப்பார்கள். நடக்காவிட்டால் நடக்கட்டும்—இல்லை, நடக்காவிட்டால் நடக்காமல் போகட்டும், அது என் குரல், நானே அதைக் கேட்டுப் பார்க்கவேண்டும். பெலிசியானோ படிப் பக்கம் திரும்பியவன் நின்றான்.

"சேர், கேக்கிறதெண்டால் எல்லாரையும் கேளுங்கோ. என்னை மட்டும் கேட்டதெண்டு தெரிஞ்சால் பட்டாள லைனுக்குள்ள நான் சோறு தின்னேலாது. வெளியில நிக்கினம். ஆளுக்கொரு நிமிசம்தான்."

"படகு எட்டு மணிக்கு."

"படகுக்காரனும் எங்கட ஆள்தான், சேர். கொஞ்சம் நிப்பான்."

காற்று பதிவேட்டின் தாளைத் தூக்கியது. ஹெஸ்கத் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். நுரை கன்னத்தில் காய்ந்து இறுகிக்கொண்டிருந்தது. "அடுத்த ஆளை வரச்சொல்," என்றான், அந்தச் சொல் அவன் வாயிலிருந்தே போய் படிக்குக் கீழே நின்றவர்களுக்குக் கேட்டது, யாரும் அதைத் திருப்பிச் சொல்லவில்லை, யாரோ படியேறி வந்தார்.

இது என் கற்பனை என்று செலஸ்டினிடம் வாசித்துக் காட்டியபோதே சொன்னேன். எண்ணைத் திருத்தினார் என்றுதானே எங்கட மாமா சொன்னவர், நீ ஏன் மாத்திறாய் என்று கோபித்துக்கொண்டாள். திருத்தினார் என்று என்னால் எழுத முடியாததற்குக் காரணம், அதற்குள் நான் அந்தப் பழைய பதிவேட்டின் படங்களைச் சுவடிக்கூடத்தில் பார்த்துவிட்டிருந்தேன். இரண்டு தடவை போய் மறுபடி பார்த்தேன். ஒன்பதாவது வரியில் எண் இன்னும் பதினைந்துதான், சுரண்டிய அடையாளம் இல்லை. முப்பத்தொரு பேரில் யாருக்கும் பதினெட்டுக்கு மேல் வயதில்லை. அந்த வருடத்து அதிகாரிகள் பட்டியலில் ஹெஸ்கத்துக்கு வயது பத்தொன்பது. ஒன்பதாவது வரியின் ஓரத்தில், பிந்திய வேறு மையில், 'கேட்டேன், இருபத்திரண்டு' என்றும் அதன் கீழ் அவருடைய கையெழுத்தும் இருக்கின்றன. கப்பல் போய் இரண்டு வருடத்துக்குப் பின், பெலிசியானோவுக்கும் மதலேனாளுக்கும் பிறந்த இன்னொரு மகள் திருகோணமலைக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறாள். செலஸ்டின் அவளுடைய வழி. கப்பல் போன அடுத்த வருடத்து அதிகாரிகள் பட்டியலில் ஹெஸ்கத்தின் பெயர் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. 'கேட்டேன்' என்ற சொல் மொத்தம் இருபத்தாறு வரிகளில் இருக்கிறது. ஐந்து வரிகளின் ஓரம் வெறுமையாக இருக்கிறது. அந்த ஐந்து பேரின் பெயர்களையும் கோட்டையின் அடக்கப் பதிவில் தேடினேன். ஐவரும் அந்தக் காலைக்கு முன்பே இறந்துவிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வயது அங்கேயும் ஹெஸ்கத் எழுதியதிலிருந்து கூட்டி எழுதப்பட்டிருக்கிறது.